டிஸ்ஃபியோர்ட்: வரைபடத்திலிருந்து மறைந்த ஒரு நார்வே கம்யூன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட நார்வேக்குக் காரில் போகும் நண்பர்கள் எல்லோருக்கும் இலக்கு லோஃபோட்டன் தீவுகள்தான். போகிற வழியில் டிஸ்ஃபியோர்ட் என்று ஒரு பெயரைப் பார்க்கிறார்கள். ஊர்ப் பலகையில் இருக்கிறது, பழைய வரைபடத்தில் இருக்கிறது, புதிய நிர்வாகப் பட்டியலில் மட்டும் இல்லை. உடனே எனக்குச் செய்தி வரும். கொஞ்சம் படித்து வைத்தவன் என்று என் பெயர் அடிபட்டுவிட்டதால், ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்ததுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டிஸ்ஃபியோர்ட் என்பது ஊரா, கடலா, மாவட்டமா?

முதலில் அது ஒரு ஃபியோர்ட், அதாவது நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல். அந்தக் கடலைச் சுற்றியிருந்த கிராமங்களையெல்லாம் சேர்த்து அதே பெயரில் ஒரு கம்யூன் இருந்தது. 1869 முதல் 2019 முடியும் வரை, 151 ஆண்டுகள். அந்தப் பெயரில் தனியாக ஓர் ஊர் கிடையாது. தலைமையிடம் கிழக்குக் கரையில் உள்ள ஷோப்ஸ்விக். மேற்குக் கரையில் முக்கியமான ஊர் டிராக்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். நார்வேக்காரர்கள் கடைசி 'ட்' ஒலியை விழுங்கிவிட்டு 'ஃபியூர்' என்பார்கள். நான் தமிழில் பழகிய 'ஃபியோர்ட்' வடிவத்தையே வைத்துக்கொள்கிறேன்.

கம்யூன் என்றால் நகராட்சிதானே?

அப்படி மொழிபெயர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நகரமே இல்லாத இடத்திலும் கம்யூன் உண்டு. தொலைதூர ஆர்க்டிக் தீவுகளைத் தவிர்த்தால், நார்வேயில் எந்த நிலத்துண்டும் ஏதாவதொரு கம்யூனுக்குள் இருக்கும், காடும் பனிமலையும்கூட. பள்ளிக்கூடம், ஆரம்ப மருத்துவம், முதியோர் பராமரிப்பு, குடிநீர், கட்டட அனுமதி எல்லாம் கம்யூனின் வேலை. வருமான வரியில் அதற்கென்று ஒரு பங்கும் உண்டு.

இந்த ஏற்பாடு 1837ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அப்போது தேவாலயப் பங்குகள் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்கள்) எப்படிப் பிரிந்திருந்தனவோ, பெரும்பாலும் அதே எல்லையில் கம்யூன்களை அமைத்தார்கள். நகரக் கம்யூன், கிராமக் கம்யூன் என்று சட்டத்தில் இரண்டு வகை வெகுகாலம் இருந்தது. பழைய ஆவணங்களில் 'ஹெரெட்' என்று பார்த்தால் அது கிராமக் கம்யூன். டிஸ்ஃபியோர்ட் அந்த வகை.

வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நார்வேயின் உடம்பில் மிகவும் மெலிந்த இடத்தைத் தேடுங்கள். லோஃபோட்டன் தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே வெஸ்ட்ஃபியோர்ட் என்ற பெரிய கடல் விரிந்திருக்கும். அதன் உள்மூலையில் தெற்கே கை நீட்டியதுபோல் ஒரு நீர்ப்பரப்பு இறங்குகிறதே, அதுதான். நோர்லான் மாகாணம். அட்சரேகை ஏறக்குறைய 68 டிகிரி வடக்கு. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியாகிவிட்டது.

கம்யூனின் பரப்பு சுமார் 1,464 சதுர கி.மீ. கடைசிக் காலத்தில் மக்கள் 2,000 பேருக்கும் சற்றுக் குறைவு. அத்தனை பேரும் கரையோரத்தில்தான் இருந்தார்கள். மிச்சமெல்லாம் கருங்கல், பனி, நீர்.

ஃபியோர்ட் தண்ணீர் உப்பா? ஆறு மாதிரி ஓடுமா?

உப்புத்தான், கடல்தான். பனியுகத்தில் பனியாறுகள் மலையைச் சுரண்டிச் சுரண்டிப் பள்ளத்தாக்கு உண்டாக்கின. பனி உருகியதும் கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. டிஸ்ஃபியோர்ட்டின் ஆழம் கிட்டத்தட்ட 900 மீட்டர். கரையில் நின்றால் இது புரியாது. எதிரே 1,000 மீட்டர் மலை செங்குத்தாக நீருக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, உள்ளேயும் அதே அளவுக்கு இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

முதன்மை நீர்ப்பரப்பிலிருந்து பல கிளைகள் பிரிகின்றன. தெற்கே நீளும் ஹெல்லெமோஃபியோர்டும் கிழக்கே ஸ்டேஃபியோர்டும் பின்னால் வரும், பெயரை நினைவில் வையுங்கள்.

1869க்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?

நிர்வாகக் கணக்கில் அது லோடிங்கென் கம்யூனின் ஒரு பகுதி. லோடிங்கென் வெஸ்ட்ஃபியோர்டின் அந்தப் பக்கம், தீவுக்கரையில் இருக்கிறது. ஒரு சின்ன வேலைக்கும் திறந்த கடலைத் தாண்டவேண்டும். 1869இல் சுமார் 1,400 பேருடன் டிஸ்ஃபியோர்ட் தனிக் கம்யூன் ஆனது.

மனிதர்கள் இருந்த கணக்கு வேறு. இங்குள்ள லெய்க்னெஸ் என்ற இடத்தில் பாறைச் சித்திரங்கள் உள்ளன. சுமார் 9,000 ஆண்டுப் பழமை என்று மதிப்பிடுகிறார்கள். கொத்திய கோடுகள் அல்ல, பாறையைத் தேய்த்து வழவழப்பாக்கிய கோடுகள். கலைமான், கடமான், திமிங்கலம். சிலவற்றை ஏறக்குறைய உயிருள்ள விலங்கின் அளவிலேயே வரைந்திருக்கிறார்கள். வரைந்த காலத்தில் அந்தப் பாறை நீரோரம் இருந்தது. பனிச்சுமை நீங்கியபின் நிலம் மெல்ல எழும்பியதால் இன்று கரையிலிருந்து மேலே ஏறித்தான் பார்க்கவேண்டும்.

இப்போது டிஸ்ஃபியோர்ட் கம்யூன் இல்லையா? என்ன ஆயிற்று?

2020 ஜனவரி 1 முதல் இல்லை. நார்வே அரசு சின்னக் கம்யூன்களை இணைக்கும் பெரிய சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. 2017 ஜூனில் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அதற்கு முன் 428 ஆக இருந்த கம்யூன்கள் 2020இல் 356 ஆயின.

பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று கம்யூன்கள் அப்படியே ஒன்றாகின. டிஸ்ஃபியோர்ட்டையோ நடுவில் வகுந்தார்கள். ஷோப்ஸ்விக் உள்ளிட்ட கிழக்குக் கரை நார்விக் கம்யூனுக்கு. அதோடு பாலாங்கென் கம்யூனும் நார்விக்கில் சேர்ந்தது. டிராக் உள்ளிட்ட மேற்குக் கரை ஹமாரோய் கம்யூனுக்கு. நாவலாசிரியர் க்நூட் ஹாம்சுன் சிறுவனாக வளர்ந்த ஹமாரோய்தான் அது.

இரண்டாகப் பிரிப்பானேன்? முழுசாக ஒரு பக்கம் சேர்த்திருக்கலாமே?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். 1869இல் ஃபியோர்ட்தான் தெரு. எல்லா வீட்டுக்கும் வாசலில் படகு. எதிர்க்கரைக்காரர்தான் அண்டை வீட்டுக்காரர். மலைக்குப் பின்னால் இருப்பவர்தான் அந்நியர். தேவாலயம் மேற்குக் கரையில் கோர்ஸ்னெஸில் இருந்தால், கிழக்குக் கரைக்காரர் துடுப்புப் போட்டுக்கொண்டு வருவார். அந்தக் காலத்துப் புத்திப்படி, ஒரு நீர்ப்பரப்பின் இரு கரையையும் ஒரே கம்யூனாக்கியதில் தப்பே இல்லை.

அப்புறம் கார் வந்தது. கார் ஓடுகிறவனுக்கு நிலம்தான் வழி, தண்ணீர் என்றால் தடை. படகில் போனால் பக்கத்து வீடாக இருந்தது, ஃபெர்ரி நேர அட்டவணை பார்த்துப் போகவேண்டிய ஊராகிவிட்டது. டிராக்கிலிருந்து சாலைவழியே ஹமாரோய் பக்கம் போவது லேசு. தன் சொந்தக் கம்யூன் அலுவலகம் இருந்த ஷோப்ஸ்விக் போக ஃபெர்ரியில் 45 நிமிடம் வேண்டும். ஷோப்ஸ்விக்கிலோ, சுரங்கப்பாதைகளோடு 827ஆம் எண் சாலை வந்தபின் நார்விக் பக்கம்தான் கால் இழுத்தது. 2020இல் கோடு போட்டவர்கள் சாலை வரைபடத்தைப் பார்த்துப் போட்டார்கள். முன்னால் சேர்த்துவைத்த அதே நீர் எல்லையாகிவிட்டது.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. குறிப்பாக, இங்குள்ள சாமி மக்கள் இரண்டு கம்யூன்களாகச் சிதறுவார்கள் என்ற கவலை வலுவாக எழுந்தது. அது அடுத்த கேள்வி.

சாமி மக்கள் என்றால் யார்? எஸ்கிமோக்களா?

இல்லவே இல்லை, அந்தக் குழப்பம் வேண்டாம். சாமி என்பவர்கள் நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யாவின் வடபகுதியில் வாழும் பூர்வகுடிகள். ஆர்க்டிக் அமெரிக்காவின் இனூயிட் மக்களோடு அவர்களுக்கு உறவு இல்லை. 'லாப்' என்ற பழைய சொல்லை இன்று இழிவாக எடுத்துக்கொள்கிறார்கள்; எழுதவேண்டாம்.

சாமி மொழி ஒன்றல்ல, பல. டிஸ்ஃபியோர்ட் பகுதியில் பேசுவது லூலே சாமி. ஸ்வீடனின் லூலே ஆற்றை ஒட்டிய பெயர். நார்வேயில் இந்த மொழிக்கு இதுதான் தாய்மடி. பேசுவோர் சில நூறு பேர்தான். டிராக்கில் 1994 முதல் ஆர்ரான் என்ற லூலே சாமி மையம் இயங்குகிறது: அருங்காட்சியகம், மொழி வகுப்பு, ஆய்வு எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

எல்லா சாமிகளும் கலைமான் மேய்ப்பவர்கள்தானே?

படத்தில் பார்த்துப் பார்த்து வந்த எண்ணம் இது. டிஸ்ஃபியோர்ட் சாமிகளில் பெரும்பாலோர் கடற்கரைச் சாமிகள். கொஞ்சம் மீன், நாலு ஆடு, ஒரு பசு, சிறு வயல் என்று பிழைத்தவர்கள். கலைமான் மேய்த்தவர்களும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

சாமி மொழியைப் பள்ளியிலிருந்து விரட்டி எல்லோரையும் நார்வேஜியராக்கும் கொள்கை நூறாண்டுக்கு மேல் நடந்தது. அதைப் பற்றி ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023இல் அறிக்கை தந்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. டிஸ்ஃபியோர்ட்டில் இன்று பாட்டி சாமி பேசுவார், மகனுக்கு அரைகுறை, பேத்தி பள்ளியில் மறுபடி கற்கிறாள் என்ற வரிசை இருந்தால் காரணம் இதுதான்.

பலகையில் இரண்டு பெயர் போட்டிருக்கிறதே?

ஆமாம். டிஸ்ஃபியோர்ட்டுக்கு லூலே சாமியில் திவ்தாஸ்வுவொட்னா என்று பெயர். 'வுவொட்னா' என்றால் ஃபியோர்ட். டிராக்குக்கு ஆய்லுவொக்தா; 'லுவொக்தா' என்றால் விரிகுடா. கம்யூன் இருந்தவரை இரண்டு பெயரும் அதிகாரபூர்வம். சாமி மொழி நிர்வாக வட்டாரத்தில் (அலுவல்களில் சாமி மொழிக்கும் சம இடம் தரும் கம்யூன்களின் கூட்டம்) டிஸ்ஃபியோர்ட் 2006இல் சேர்ந்தது; அந்தப் பொறுப்பு 2020க்குப் பின் ஹமாரோய்க்கு வந்தது. ஹமாரோய்க்கும் இப்போது ஹாப்மெர் என்ற சாமிப் பெயர் உண்டு.

'நார்வேயின் இடுப்பு' என்று எதைச் சொல்கிறார்கள்?

ஹெல்லெமோஃபியோர்டின் கடைசி முனையில் ஹெல்மோபொட்ன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே கடல் மட்டத்தில் நின்றால் ஸ்வீடன் எல்லை வெறும் 6.3 கி.மீ. நார்வே நிலப்பகுதியில் இதைவிடக் குறுகலான இடம் கிடையாது. தெற்கே லிண்டெஸ்னெஸிலிருந்து வடக்கே நூர்காப் வரை நீண்டு கிடக்கும் தேசம் இந்த ஓரிடத்தில் ஒரு காலைநடைத் தூரமாகச் சுருங்குகிறது. காலைநடை என்றது வாய்வார்த்தைக்கு. உண்மையில் பள்ளத்தாக்கும் பாறையும் ஏறவேண்டிய மலைப்பாதை.

எல்லைக்கோடு 1751இல் டென்மார்க்-நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் நடந்த உடன்படிக்கையில் விழுந்தது. அதோடு ஓர் இணைப்பும் சேர்த்தார்கள்: சாமிகள் தங்கள் கலைமான்களோடு வழக்கம்போல் எல்லை தாண்டலாம், போர் வந்தாலும் தடுக்கக்கூடாது என்று. அரசர்களுக்கு நடுவே கோடு போட்டவர்கள் மேய்ச்சல்காரனை நினைத்துப் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இரண்டாம் உலகப்போரில் அந்த வழியாகத்தான் தப்பினார்களா?

தப்பியவர்களில் ஒரு பகுதியினர். 1940 முதல் 1945 வரை ஜெர்மனி நார்வேயைப் பிடித்து வைத்திருந்தது. ஸ்வீடன் நடுநிலை நாடு. மேலே சொன்ன 6.3 கி.மீ. கணக்கைப் பார்த்தால் மிச்சம் புரியும். இந்தப் பக்கத்து மலைவழிகளில் அகதிகளைக் கூட்டிப்போன வழிகாட்டிகளில் சாமிகள் பலர். பனிமூட்டத்திலும் வழி தெரிந்தவர்கள் அவர்கள்தான். பிடிபட்டால் சாவு. போர் முடிந்து வெகுநாள் வரை அவர்களுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் அந்த மக்களிடம் உண்டு, அது நியாயமானதும்கூட.

மூஸ்கென் கிராமத்துக்குச் சாலையே இல்லை என்கிறார்களே, 21ஆம் நூற்றாண்டிலா?

நிஜம்தான். ஹெல்லெமோஃபியோர்டின் கரையில், செங்குத்து மலைகளுக்கு அடியில் இருக்கிறது மூஸ்கென். சாமியில் மோஸ்கே. ஊருக்குள் கொஞ்சம் தெரு உண்டு. வெளியுலகத்தோடு அதை இணைக்கும் சாலைதான் இல்லை. டிராக்கிலிருந்து படகில் போகவேண்டும். சில பத்துப் பேர் வாழும் லூலே சாமி ஊர்.

அதன் அருகில்தான் ரொக்கெயாவ்ரெராய்கெ என்ற குகை இருக்கிறது. நார்வேயிலேயே ஆழமானது என்று பெயர் பெற்றது, கிட்டத்தட்ட 600 மீட்டர். மேலே மலையில் புகுந்து கீழே ஃபியோர்ட் பக்கம் இறங்குகிறது. கயிறு கட்டி இறங்கத் தெரிந்தவர்களுக்கான இடம், நாம் எட்டிப் பார்க்கும் சமாச்சாரம் அல்ல.

ஸ்டேதின் மலை எதனால் அவ்வளவு பிரபலம்?

1,392 மீட்டர்தான். உயரத்தில் நார்வேயின் முதல் நூறில்கூட வராது. ஆனால் கடலிலிருந்து ஒரே மூச்சில் எழுந்து நிற்கிறது, மேலே உச்சி இருக்கவேண்டிய இடத்தில் வெட்டியெடுத்த மாதிரி தட்டை. 'ஸ்டே' என்றால் கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை. பெயர் வைத்தவர் இரும்படிக்கும் இடத்தில் நின்றவராகத்தான் இருக்கவேண்டும். 2002இல் வானொலி நேயர்கள் வாக்களித்து இதை நார்வேயின் தேசிய மலையாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏறிய கதை சுவையானது. 1888இல் ஜெர்மானியர் பவுல் குஸ்ஃபெல்ட் தோற்றார். 1889இல் டென்மார்க்கின் கார்ல் ஹால் முன்சிகரம் வரை போய் நின்றுவிட்டார். அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். 1904இல் ஆங்கிலேயர் ஸ்லிங்ஸ்பி வந்து தோற்று, தான் பார்த்ததிலேயே அவலட்சணமான மலை என்று எழுதிவைத்தார். ஏற முடியாத மலை எல்லாம் அவலட்சணம்தான்! கடைசியில் 1910இல் ஷெல்டெரூப், ரூபென்சன், ப்ரின் என்ற மூவர் உச்சியைத் தொட்டார்கள்.

இந்த மலைக்கும் இமயமலைக்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்தேன், நிஜமா?

மலைக்கு இல்லை, ஏறியவருக்கு உண்டு. அந்த மூவரில் கார்ல் வில்ஹெல்ம் ரூபென்சன் 1907இல் சிக்கிம்-நேபாள எல்லையில் உள்ள கப்ரூ சிகரத்தில், 7,000 மீட்டருக்கு மேல், உச்சிக்குச் சற்றுக் கீழே வரை போய்த் திரும்பியவர். கூட வந்தவர் மொன்ராட்-ஓஸ். இமயத்தில் முழுதாகக் கிட்டாதது மூன்றாண்டு கழித்து ஸ்டேதினில் கிட்டியது.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. தத்துவவாதி ஆர்னெ நெஸ் காந்தியைப் பற்றி ஆழமாக எழுதியவர், 'ஆழச் சூழலியல்' என்ற சிந்தனைக்குப் பெயர் கொடுத்தவர், மலையேறியும்கூட. 1966இல் நண்பர்களோடு ஸ்டேதினில் ஏறியபோது நடந்த பேச்சை அந்தச் சிந்தனையின் தொடக்கங்களில் ஒன்றாக நார்வேயில் சொல்வார்கள்.

கம்யூன் சின்னத்தில் இறால் இருந்ததாமே?

சாதாரண இறால் அல்ல, லாப்ஸ்டர். சிங்கி இறால் என்றதும் நமக்கு நீண்ட மீசையோடு, கொடுக்கு இல்லாத ஒன்று நினைவுக்கு வரும். ஐரோப்பிய லாப்ஸ்டருக்கு இரண்டு பெரிய கொடுக்குகள். ஒன்று நசுக்க, ஒன்று கிழிக்க. உயிரோடு இருக்கும்போது கருநீலம், வெந்தால்தான் சிவப்பு.

இந்த இனம் தனிக்கூட்டமாக வாழும் வடகோடி இடம் உலகிலேயே இந்தப் பகுதிதான் என்று கணக்கு. ஆழமான ஃபியோர்ட், கோடையில் சூடேறும் மேல்நீர், வெளிக்கடலோடு அதிகம் கலக்காத உள்மூலை எல்லாம் சேர்ந்து அதைக் காப்பாற்றியிருக்கிறது. தெற்கத்தி லாப்ஸ்டரிலிருந்து மரபணுவிலும் வேறுபடுகிறது. கம்யூன் போனதோடு சின்னமும் போனது.

ஓர்க்கா திமிங்கலம் பார்க்க அங்கே போகலாமா?

பழைய பயணக் குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1980களின் பிற்பகுதியிலிருந்து ஹெர்ரிங் மீன்கூட்டம் குளிர்காலத்தை டிஸ்ஃபியோர்ட்டிலும் பக்கத்து ஃபியோர்ட்களிலும் கழித்தது. அதைத் தின்ன நூற்றுக்கணக்கில் ஓர்க்காக்கள் வந்தன. மீன்களைச் சுற்றிச் சுற்றி வந்து பந்துபோலத் திரட்டி, வாலால் அடித்து மயக்கி, ஒவ்வொன்றாகத் தின்பதை ஆய்வாளர்கள் இங்கேதான் நெருங்கிப் பார்த்தார்கள். ஸ்தூர்யூரிலிருந்து சுற்றுலாப் படகுகள் கிளம்பின.

2000களில் ஹெர்ரிங் மனசை மாற்றிக்கொண்டது. ஏன் என்று மீன்தான் சொல்லவேண்டும். ஓர்க்காவும் பின்னாலேயே போய்விட்டது. இப்போது குளிர்காலத்தில் பார்க்கவேண்டுமென்றால் இன்னும் வடக்கே ஷெர்வோய் பக்கம் போகிறார்கள்.

இவ்வளவு குறைந்த மக்கள், என்ன வேலை செய்கிறார்கள்?

ஷோப்ஸ்விக்கில் சிமெண்ட் ஆலை. 1920 முதல் ஓடுகிறது. உலகின் வடகோடி சிமெண்ட் ஆலை என்று சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் அங்கேயே கிடைக்கிறது, கப்பல் நேரே துறைக்கு வருகிறது. ஊர் வளர்ந்ததே அந்த ஆலையைச் சுற்றித்தான்.

டிராக்கில் இருப்பது இன்னும் வினோதம்: குவார்ட்ஸ் சுத்திகரிக்கும் ஆலை. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரூஸ் பைன் என்ற ஊரில் தோண்டிய குவார்ட்ஸ் மணல், அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கே வந்து மிகத் தூயதாகிறது. சிலிக்கானை உருக்கும் மூசைகள் செய்ய அந்தத் தூய்மை வேண்டும். சோலார் தகடுக்கும் கணினிச் சில்லுக்கும் அதுதான் ஆரம்பம். ஆர்க்டிக் ஓரத்தில் ஒரு சாமி கிராமம், பக்கத்தில் உங்கள் கைப்பேசியின் முன்பிறவி! மீன் வளர்ப்பும் உண்டு. இங்கே கிடைத்த கனிமங்களில் இரண்டுக்கு ஸ்டேதின், ஹுண்ட்ஹோல்மென் என்ற உள்ளூர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் பாலியல் குற்றச் செய்திகளாக வருகிறதே, அது என்ன?

மறைக்க வேண்டியதில்லை. 2016 ஜூனில் ஒரு நார்வே செய்தித்தாளில் 11 பேர் முன்வந்து, தங்களுக்குச் சிறுவயதில் டிஸ்ஃபியோர்ட்டில் நடந்த கொடுமைகளைப் பேசினார்கள். போலீஸ் விசாரணையில் 1953 முதல் 2017 வரையிலான 151 சம்பவங்கள் தெரியவந்தன. பல வழக்குகள் காலாவதியாகியிருந்தன. முன்பு வந்த புகார்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று போலீஸ் மன்னிப்புக் கேட்டது.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி சாமிகள் என்பதால், அரசு அமைப்புகளின் மேல் அந்த மக்களுக்கு நம்பிக்கை ஏன் இல்லாமல் போனது என்ற பேச்சும் கூடவே எழுந்தது. மேலே மொழிக்கொள்கை பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். 2,000 பேர் உள்ள இடத்தை இந்த ஒரு செய்தியால் மட்டும் அறிவது அங்கே வாழ்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். தெரியாததுபோல் நடிப்பது முன்வந்து பேசியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பழைய ஆவணத்தில் '1850 டிஸ்ஃபியோர்ட்' என்று இருக்கிறது. ஆண்டா?

ஆண்டு அல்ல, கம்யூன் எண். நார்வேயில் ஒவ்வொரு கம்யூனுக்கும் நான்கு இலக்க எண் உண்டு. முதல் இரண்டும் மாகாணத்தைக் குறிக்கும், 18 என்றால் நோர்லான். கம்யூன் தோன்றியது 1869 என்று மேலேயே பார்த்தோம், அதனால் 1850ஐ ஆண்டாகப் படித்தால் கணக்கே உதைக்கும். இன்று அதே நிலத்துக்கு எண் நார்விக்கின் 1806 அல்லது ஹமாரோயின் 1875. எந்தக் கரை என்று தெரியாமல் எது என்று சொல்ல முடியாது.

மூதாதையரைத் தேடுகிறவர்கள் நார்வே தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் பழைய தேவாலயப் பங்குப் பதிவேடுகளைக் காசில்லாமல் பார்க்கலாம். 1869க்கு முந்தையதற்கு லோடிங்கெனில் தேடவேண்டும், டிஸ்ஃபியோர்ட்டில் அல்ல.

மறுபடி தனிக் கம்யூன் ஆக வாய்ப்பு உண்டா?

சட்டப்படி முடியாத காரியமல்ல. 2020இல் ஓலெசுண்ட் கம்யூனோடு சேர்த்த ஹாரம் கம்யூன், 2024 ஜனவரி 1இல் பிரிந்து தனியானது. அப்படித்தான் எண்ணிக்கை 357 ஆயிற்று. ஆனால் ஹாரம் ஒரு துண்டாகப் போய் ஒரு துண்டாக வந்தது. டிஸ்ஃபியோர்ட் இரண்டு துண்டாக இரண்டு வீட்டுக்குப் போனது. இரண்டு இடத்திலும் பிரிந்து, மறுபடி ஒட்டவேண்டும். என் கணிப்பைக் கேட்டால், நடக்காது.

டிசம்பரில் போனால் இருட்டாகவே இருக்குமா?

டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சூரியன் எழாது. நடுப்பகலில் சில மணி நேரம் நீலமான அரைவெளிச்சம் இருக்கும், புத்தகம் படிக்கலாம். மலைக்கு அடியில் உள்ள ஊர்களுக்குச் சூரியன் முகம் காட்ட இன்னும் நாளாகும். மே கடைசியிலிருந்து ஜூலை பாதி வரை நேர்மாறு. இரவே இல்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் ஃபியோர்டின் முதன்மைப் பகுதி குளிர்காலத்திலும் உறைவதில்லை.

ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன பார்க்கலாம்?

எல்லோரும் ஈ6 நெடுஞ்சாலையில் வந்து, பொங்னெஸ் என்ற துறையில் ஸ்கார்பெர்கெ போகும் ஃபெர்ரி ஏறுவார்கள். 25 நிமிடம். ஸ்வீடனின் தென்கோடியிலிருந்து ஷிர்கெனெஸ் வரை நீளும் ஈ6இல் மிஞ்சியிருக்கும் ஒரே ஃபெர்ரி இதுதான். லோஃபோட்டன் போகிறவர்கள் அதே துறையில் லோடிங்கென் ஃபெர்ரிக்கு நிற்பார்கள்; வரிசை மாறி நின்றுவிடாதீர்கள். நான் ஒருமுறை நின்றேன். முன்னால் இருந்த கேரவன்காரர் ஜன்னலைத் தட்டிச் சொன்னபிறகு, ஐம்பது வண்டிகளுக்கு நடுவே பின்னால் எடுத்த கதை வேறு.

நேரம் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு டிராக் போங்கள். ஆர்ரான் மையத்தில் ஒரு மணி நேரம். பிறகு டிராக்–ஷோப்ஸ்விக் ஃபெர்ரி. பழைய கம்யூனின் இரு கரைகளையும் இணைத்த அதே தடம். காரிலேயே உட்காராமல் காபியை வாங்கிக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறுங்கள். முக்கால் மணி நேரமும் மலைகள் ஒன்றையொன்று மறைத்தும் விலகியும் நகரும். ஷோப்ஸ்விக்கில் இறங்கி 827இல் கிழக்கே போனால் ஸ்டேஃபியோர்ட் முனையில் நிறுத்துமிடம் இருக்கிறது. அண்ணாந்தால் ஸ்டேதின். மேகம் மூடியிருந்தால் அரை மணி காத்திருங்கள், அந்தப் பக்கத்து மேகத்துக்கு ஓரிடத்தில் நிற்கும் வழக்கமில்லை.